குச்சியில் எழுதுகிற வார்த்தை: சீன ஜோசிய ஐட்டம் செய்பவர்கள் தவிர்க்க வேண்டியவை

போன மாதம் காட்பாடிப் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பில் ஒரு தம்பி மென்டலிசம், அதாவது மனதைப் படிப்பதுபோலக் காட்டும் மேஜிக் செய்தார். மூங்கில் குழாய், அதற்குள் எண் போட்ட குச்சிகள், மேஜைமேல் ஒட்டி வைத்த கவர். பெண்ணின் சித்தியை மேடைக்குக் கூப்பிட்டுக் குலுக்கச் சொன்னார். ஒரு குச்சி நழுவி விழுந்தது. எண் 23. அந்த எண்ணுக்கான பலன் சீட்டை எடுத்து மைக்கில் வாசித்தார். கவரைப் பிரித்தால் அதிலும் 23. நல்ல கைதட்டல். எனக்கு மட்டும் தட்ட மனம் வரவில்லை. சீட்டில் அவர் எழுதியிருந்தது இது: "நெருங்கிய உறவில் ஒரு பிரிவு வரும்."

16 வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் செய்தேன். புதிதாக வருகிறவர்கள் வரிசையாக அதே குழியில் விழுவதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். கவர் கைநழுவுவது, கை நடுங்குவது, பேச வேண்டியது மறந்துபோவது இதெல்லாம் பத்து ஷோ செய்தால் சரியாகிவிடும். அதைப் பற்றி நான் எழுதவில்லை.

கதை தெரியாமல் குழாயைத் தூக்குவது

சீனர்கள் கோயில்களில் உண்மையாகவே செய்கிற வழக்கம் இது. கான்டனீஸில் காவ் சிம் என்பார்கள். ஹாங்காங்கின் வோங் தாய் சின் கோயில் இதற்குப் பேர்போனது. அங்கே ஒரு குழாயில் 100 குச்சிகள் இருக்கும். முட்டிபோட்டு, கேள்வியை மனதில் நினைத்துக்கொண்டு, குழாயை முன்பக்கம் சாய்த்துக் குலுக்குவார்கள். மற்றவற்றை விட்டு ஒரு குச்சி மட்டும் மேலே ஏறி வெளியே விழும். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு செய்யுள் உண்டு. அதற்குப் பொருள் சொல்பவர்கள் கோயிலை ஒட்டிய கடைகளில் உட்கார்ந்திருப்பார்கள்.

கோயிலில் பூ போட்டுப் பார்த்தவர்களுக்கும் கிளி ஜோசியரிடம் சீட்டு எடுத்தவர்களுக்கும் இதை இரண்டே வாக்கியத்தில் சொன்னால் போதும். பத்து நிமிஷம் சீன வரலாறு பேசத் தேவையில்லை.

இரண்டு குச்சி விழுந்தால் பதறுவது

பதற வேண்டாம். இரண்டு விழுந்தால் செல்லாது, திரும்பக் குலுக்க வேண்டும் என்பது கோயில் வழக்கமே. அதைச் சொல்லிவிட்டுக் குச்சிகளை உள்ளே போடுங்கள்.

சீன வேஷம்

பட்டு அங்கி, ஒட்டு மீசை, வாயில் வந்த சத்தத்தையெல்லாம் சீன மந்திரம் என்று முணுமுணுப்பது. வேண்டாம். சுங் லிங் சூ என்ற பெயரில் சீனராக வேஷம் போட்டுப் பெரும்புகழ் பெற்ற வில்லியம் ராபின்சன் ஓர் அமெரிக்கர். சிங் லிங் ஃபூ என்ற உண்மையான சீன வித்தைக்காரரைப் பார்த்துப் போட்ட வேஷம் அது. 1918-ல் லண்டன் மேடையில் துப்பாக்கிக் குண்டைப் பிடிக்கும் வித்தையில் சுடப்பட்டு இறந்துபோனார். அவர் காலத்தில் அந்த வேஷம் எடுபட்டது. இன்று நம் மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் காலேஜ் பசங்களுக்கு அது அசிங்கமாகத்தான் தெரியும். வேட்டி சட்டையில் நின்று செய்யுங்கள்.

கெட்ட பலன் எழுதுவது

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான்.

குடியாத்தம் பக்கம் ஓர் அறுபதாம் கல்யாணம். அந்த நிகழ்ச்சிக்கு என் பேச்சு அருமையாகப் பொருந்தியது. நமக்குப் பிரபவ முதல் அட்சய வரை 60 வருடம். சீனர்களுக்கும் 12 விலங்கும், 'தண்டு' என்கிற 10 ஆண்டுக் குறியும் சேர்ந்து சுற்றி வர 60 வருடம். "அங்கேயும் அறுபதில்தான் சக்கரம் ஒரு சுற்று முடிகிறது" என்றதும் பெரியவர்கள் முகம் மலர்ந்தது. அப்புறம் பெரியவரின் அக்காவைக் கூப்பிட்டேன். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். குழாயை அவரே பிடித்தார், அவரே குலுக்கினார். நான் நினைத்த குச்சி விழுந்தது.

பலன் சீட்டுகளை ஏதோ ஓர் ஆங்கிலத் தொகுப்பைப் பார்த்து எழுதியிருந்தேன். அசல் வழக்கத்தில் மிக நல்லது முதல் மிகக் கெட்டது வரை எல்லா வகைப் பலனும் உண்டு. கொஞ்சம் திகில் இருந்தால் ஐட்டம் கனமாக இருக்கும் என்று கெட்டதில் ஒன்றாகப் பார்த்து எடுத்திருந்தேன். மைக்கில் வாசித்தேன்: "கடல் தாண்டும் பயணம் வேண்டாம். போனவர் திரும்புவது கடினம்." கவரிலும் அதே எண். மண்டபம் அதிர்ந்தது.

அந்த அம்மாவின் மகனுக்கு அடுத்த வாரம் துபாய்க்கு விமானம். எனக்கு அது தெரியாது.

மூன்றாம் நாள் மகன் போன் செய்தார். அம்மா சாப்பிடவில்லை, பாஸ்போர்ட்டை எடுத்து ஒளித்து வைத்துவிட்டார் என்றார். உடனே பஸ் பிடித்துப் போனேன். "அது வெறும் மேஜிக்மா, குச்சியை விழ வைத்ததே நான்தான்" என்று காலில் விழாத குறையாகச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்பா பொய் சொல்ற? நான்தான குலுக்கனேன். நீ தொடவே இல்லியே."

என் திறமை என்று நான் நினைத்ததெல்லாம் எனக்கு எதிராக நின்ற நேரம் அது. எவ்வளவு சுத்தமாகச் செய்தேனோ அவ்வளவுக்கு அவர் நம்பினார். "எப்படிச் செய்தீங்கன்னு ஒரு தடவை அம்மாவுக்குக் காட்டிடுங்க சார், போதும்" என்று மகன் கேட்டார். நான் மாட்டேன் என்றுவிட்டேன். ரகசியத்தை வெளியே சொல்லக் கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தொழில் தர்மத்தைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். டிக்கெட் காசு போனது. அந்த வேலையும் வேறு ஒருவருக்குப் போனது. இன்றைக்கும் நினைத்தால் எரிகிறது.

புதியவர்களிடம் இதைச் சொன்னால், "அசல் சீன வழக்கத்திலேயே கெட்ட பலன் இருக்கே, சார்" என்கிறார்கள். இருக்கிறதுதான். அங்கே குச்சி தானாக விழுகிறது. பிறை வடிவக் கட்டைகள் இரண்டைத் தூக்கிப் போட்டு, இந்தக் குச்சி சரிதானா என்று சாமியிடமே திரும்பக் கேட்கவும் வழி இருக்கிறது. நம் ஐட்டத்தில் குச்சியை ஃபோர்ஸ் செய்கிறவர், அதாவது நமக்கு வேண்டியதையே விழ வைக்கிறவர் நாம், சீட்டை எழுதுகிறவரும் நாம். நூறு பேருக்கு நடுவில் ஒருவரை நிற்க வைத்து, அவருக்கென்று ஒரு கெட்ட பலனைத் தேர்ந்தெடுத்து, விதி சொன்னதாகச் சொல்கிறோம். அதை எந்த வழக்கத்தின் தலையிலும் கட்ட முடியாது.

கல்யாணம், குழந்தை, உடம்பு, பயணம், பணம், வழக்கு. இந்த ஆறும் சீட்டில் வரவே கூடாது. நல்லதாகக்கூட வேண்டாம். "இந்த ஆண்டு வீட்டில் தொட்டில் ஆடும்" என்று ஒரு தம்பி வாசித்தார். குலுக்கிய பெண்ணுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம். சிரித்துக்கொண்டே இறங்கிப் போனவர் அப்புறம் பந்தியில் கண்ணில் படவில்லை.

வேறு என்ன எழுதலாம்? குணத்தை எழுதுங்கள். "கோபத்தில் சொன்னதை மறந்துவிடுவீர்கள், பிறர் செய்த உதவியை மறக்க மாட்டீர்கள்." அன்றைய மாலையை எழுதுங்கள். "இன்று பந்தியில் இரண்டாம் முறை பாயசம் கேட்பீர்கள்." மக்கள் அசந்துபோவது எண் பொருந்துவதைப் பார்த்துத்தான். இது விளையாட்டு என்று ஆரம்பத்திலேயே ஒரு வரி சொல்லிவிட்டுத்தான் இப்போது செய்கிறேன். கைதட்டல் துளியும் குறையவில்லை.

இன்னொன்று, ஃபோர்ஸ் செய்கிற எண்ணுக்கு மட்டும் யோசித்து எழுதிவிட்டு, மற்ற சீட்டுகளுக்கு நெட்டில் கிடைத்ததை அச்சடிக்காதீர்கள். ஷோ முடிந்ததும் குழந்தைகள் எல்லாவற்றையும் புரட்டிப் படிப்பார்கள், பாட்டிகளுக்கும் வாசித்துக் காட்டுவார்கள்.

விலங்குக் கணக்கு

குச்சிக்குப் பதில் 12 விலங்குகளை வைத்துச் செய்பவர்கள் பிறந்த ஆண்டை மட்டும் கேட்டுவிட்டுத் தப்பாகச் சொல்கிறார்கள். சீனப் புத்தாண்டு ஏறக்குறைய ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் நடுவில் வரும். 2000-ல் பிப்ரவரி 5. அந்த ஜனவரியில் பிறந்தவர் டிராகன் இல்லை, முயல். மாதத்தையும் தேதியையும் கேளுங்கள்.

பலன் பிஸ்கெட்

உள்ளே பலன் சீட்டு வைத்த ஃபார்ச்சூன் குக்கியைச் சொல்கிறேன். அது சீனாவுடையதே இல்லை. அமெரிக்க ஹோட்டல்களில் பரவியது.

கவரைக் குழந்தை கையில் கொடுப்பது

பிரித்துவிடும்.

ஷோ முடிந்த பிறகு

கூட்டம் கலைந்ததும் ஒருவராவது தனியாக வந்து நிற்பார். பெண்ணுக்கு எப்போது வரன் அமையும், கடை விற்குமா என்று கேட்பார். சிலர் ஐந்நூறு ரூபாயைக் கையில் திணிப்பார்கள். வாங்காதீர்கள். "எனக்கு ஜோசியம் தெரியாதுங்க" என்று நேராகச் சொல்லுங்கள். புன்னகையோடு மழுப்பினால் தெரியும் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

நம் வேலூரில் இதில் கூடுதல் கவனம் வேண்டும். ஆஸ்பத்திரிக்காக வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து, லாட்ஜில் மாதக்கணக்கில் தங்கியிருப்பவர்கள் நிறைந்த ஊர் இது. ஒரு முறை லாட்ஜ் ஒன்றின் மொட்டை மாடியில் குழந்தைகளுக்காகச் செய்தேன். முடிந்ததும் கக்கத்தில் எக்ஸ்ரே கவரோடு ஒருவர் வந்தார். மனைவிக்கு ஆபரேஷன் என்று டாக்டர் தேதி கொடுத்திருக்கிறார், ஒத்துக்கொள்ளலாமா வேண்டாமா, குழாயை ஒரு தடவை குலுக்கிப் பார்க்கட்டுமா என்று இந்தியில் கேட்டார். ஜோசியம் தெரியாது என்றேன். அவர் நகரவில்லை. குடியாத்தத்து அம்மா முகம் எனக்கு ஞாபகம் வந்தது. அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, குச்சிகளையெல்லாம் தரையில் கொட்டி, எனக்கு வேண்டிய குச்சி எப்படி விழுகிறது என்று மெதுவாக இரண்டு முறை செய்து காட்டினேன். மூன்றாம் முறை அவரே செய்தார். சரியாக விழுந்தது. தேதி எழுதிய சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, டாக்டரிடமே இன்னொரு தடவை கேட்டுக்கொள்கிறேன் என்று எழுந்து போனார்.