மாகுலா தேய்வுக்கு ஸ்டெம் செல்: முன்பணம் கட்டுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விழித்திரைப் பிரிவில் ஆப்டோமெட்ரிஸ்ட்டாக வேலை பார்க்கிறேன். "உங்களுக்கு மாகுலா தேய்வு" என்று, அதாவது விழித்திரையின் நடுவில் கூர்மையாகப் பார்க்கும் பகுதியான மாகுலா கெட்டுவருகிறது என்று, டாக்டர் சொன்ன அன்று ராத்திரியே வீட்டில் யாராவது போனை எடுத்துத் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். அடுத்த ரிவ்யூவுக்கு வரும்போது கையில் ஏதோ ஒரு ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்) மையத்தின் எஸ்டிமேட் இருக்கும். போன மாதம் வந்த குடும்பம் எங்கே தடுக்கி விழுந்ததோ, அதே இடத்தை நோக்கித்தான் இவர்களும் போகிறார்கள் என்று பேச ஆரம்பித்த உடனேயே தெரிந்துவிடும்.

வாட்ஸ்அப் ஃபார்வர்டை நம்பாதீர்கள், டாக்டரின் படிப்பை விசாரியுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். படித்தவர்களும் விவரமானவர்களும் சறுக்கும் இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

எந்த வகை என்று தெரியாமலே விசாரிப்பது

வயது சார்ந்த மாகுலா தேய்வில் உலர் வகை, ஈர வகை என்று இரண்டு உண்டு. ஈர வகையில் விழித்திரைக்கு அடியில் புது ரத்தக்குழாய்கள் முளைத்து நீரும் ரத்தமும் கசியும். கதவு நிலை நெளிந்து தெரியும், எழுத்து வரி வளையும், சில நாட்களிலேயே பார்வை இறங்கிவிடும். இதற்கு இன்றைக்கே மருந்து இருக்கிறது: கண்ணுக்குள் போடும் ஊசி. உலர் வகை பல வருடங்களில் மெதுவாக நகரும். விழித்திரைக்கு அடியில் நிறமிச் செல்களின் ஒற்றை அடுக்கு ஒன்று உண்டு, ஆர்.பி.ஈ. என்பார்கள். மேலே உள்ள ஒளி உணர் செல்களுக்கு ஊட்டம் கொடுப்பதும் அவை உதிர்க்கும் கழிவை விழுங்குவதும் அதன் வேலை. முற்றிய உலர் வகையில் இந்த அடுக்கு திட்டுத் திட்டாகச் சாகிறது. அதை நம்பியிருந்த ஒளி உணர் செல்களும் கூடவே போகின்றன.

மாகுலா தேய்வுக்கு உருப்படியாக நடக்கும் ஸ்டெம் செல் ஆராய்ச்சி பெரும்பாலும் இந்த ஆர்.பி.ஈ. அடுக்கை மாற்றி வைக்கும் முயற்சி. ஆகவே "அம்மாவுக்கு ஸ்டெம் செல் பண்ணலாமா" என்று கேட்பதற்கு முன்னால், விழித்திரையின் அடுக்குகளைப் படமாகக் காட்டும் ஓ.சி.டி. ஸ்கேனில் எந்த வகை, எந்த நிலை, ஒளி உணர் அடுக்கு எவ்வளவு மிச்சம் என்று உங்கள் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். அந்த அடுக்கே போய்விட்ட இடத்தில், அடியில் எவ்வளவு நல்ல ஆர்.பி.ஈ.யை வைத்தாலும் பார்க்கும் வேலையைச் செய்ய மேலே செல் இல்லை.

ஸ்டெம் செல் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைப்பது

வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி, செல்களைப் பிரித்து, அன்றைக்கே கண்ணுக்குள் ஊசியாகப் போடுவது ஒன்று. ஆய்வகத்தில் மாதக்கணக்கில் வளர்த்து, ஆர்.பி.ஈ.யாகவே மாற்றி, சோதித்துப் பார்த்து, விழித்திரைக்கு அடியில் அறுவை சிகிச்சை செய்து வைப்பது இன்னொன்று. கொழுப்பிலிருந்து எடுத்த செல் கண்ணுக்குள் போனதும் தானாக ஆர்.பி.ஈ.யாக மாறி, சரியான இடத்தில் போய் உட்காரும் என்பதற்கு ஆதாரம் கிடையாது.

ஜப்பானின் கோபே நகரில் மசாயோ தகாஹாஷியின் குழு 2014 செப்டம்பரில் செய்தது இரண்டாவது வகை. எழுபதைத் தாண்டிய ஒரு பெண்ணின் தோல் செல்களை, எந்த வகைச் செல்லாகவும் வளரக்கூடிய ஐ.பி.எஸ். செல்களாக்கி, அவற்றிலிருந்து ஆர்.பி.ஈ. வளர்த்து, 1.3 மி.மீ.க்கு 3 மி.மீ. அளவில் ஒரு மெல்லிய துண்டை ஒரே ஒரு கண்ணில் வைத்தார்கள். இரண்டாவது நோயாளிக்குத் தயாரானபோது அவருடைய செல்களில் மரபணு மாற்றங்கள் தென்பட்டன. அறுவை சிகிச்சையை நிறுத்திவிட்டார்கள். அவ்வளவு உழைத்த பிறகும் சந்தேகம் வந்ததும் கையை எடுத்துக்கொண்டார்கள் பாருங்கள், அந்த நிதானத்தைத்தான் நீங்கள் தேட வேண்டும். காலையில் கொழுப்பெடுத்துச் சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பும் இடத்தில் செல்லைச் சோதிக்க நேரமே இல்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. "ஹைதராபாத்ல எல்.வி. பிரசாத் கண் ஆஸ்பத்திரில ரொம்ப வருஷமா பண்றாங்களே" என்பார்கள். பண்ணுகிறார்கள், நன்றாகவே பண்ணுகிறார்கள். ஆனால் அது கருவிழியின் ஓரத்தில் இருக்கும் லிம்பல் ஸ்டெம் செல். ஆசிட், சுண்ணாம்பு பட்டுக் கருவிழி வெந்துபோனவர்களுக்கானது. மாகுலா இருப்பது கண்ணின் பின்சுவரில். முன்பக்கத்து வெற்றியைக் காட்டிப் பின்பக்கத்துக்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

பணம் கட்டி 'ஆராய்ச்சி'யில் சேருவது

எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு ஆத்திரம் அடங்காத தவறு இது.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மகனோடு வந்தார். இரண்டு கண்ணிலும் உலர் வகை. ஒரு கண்ணில் இன்னும் 6/12 பார்வை (நல்ல கண் 12 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில் படிக்கும் பார்வை) இருந்தது, தினமும் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மகன் ஒரு பிளாஸ்டிக் ஃபைலிலிருந்து தாள்களை எடுத்து மேஜையில் பரப்பினார். முதல் தாள் எஸ்டிமேட்: செல் பிராசஸிங், ஓ.டி. (ஆபரேஷன் தியேட்டர்) சார்ஜ், ரூம் என்று வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு தொகை. அடியில் பேனாவால் 'இரு கண்களுக்கும் சேர்த்து' என்று எழுதி வட்டம் போட்டிருந்தது. அடுத்த தாளில் ஒரு மருத்துவச் சோதனையின் (கிளினிக்கல் டிரயல்) பதிவு எண். கடைசித் தாளில் முன்பணம் கட்ட வேண்டிய வங்கிக் கணக்கு.

"கவர்மென்ட் வெப்சைட்லயே இருக்கு. நானே நம்பரைப் போட்டுப் பார்த்துட்டேன்" என்றார் மகன். விவரமான பையன், நல்ல வேலையில் இருக்கிறார். எண்ணைத் தட்டியதும் பக்கம் வந்தது. வந்ததால் அரசாங்கம் ஒத்துக்கொண்டுவிட்டது என்று எடுத்துக்கொண்டார். பதிவேட்டில் இருப்பது வெறும் அறிவிப்பு. இப்படி ஒரு சோதனை நடத்தப்போகிறோம் என்று நடத்துகிறவர்களே எழுதிக் கொடுப்பது. அந்தச் சிகிச்சை பாதுகாப்பானது என்று அங்கே யாரும் கையெழுத்துப் போடவில்லை.

இதே நம்பிக்கை அமெரிக்காவின் புளோரிடாவில் என்ன செய்தது என்பதை அவர்களுக்குச் சொன்னேன். 2015-இல் 72 முதல் 88 வயது வரையிலான மூன்று பெண்கள், மூவருக்கும் மாகுலா தேய்வு. ஒரு கிளினிக்கில் ஆளுக்கு 5,000 டாலர் கட்டினார்கள். அமெரிக்க அரசின் சோதனைப் பதிவேட்டில் அந்தக் கிளினிக்கின் பெயரில் ஒரு பதிவு இருந்தது. முறையான ஆராய்ச்சியில் சேர்கிறோம் என்றுதான் அவர்களில் சிலர் நினைத்தார்கள். கையெழுத்து வாங்கிய ஒப்புதல் படிவத்தில் சோதனை என்ற பேச்சே இல்லை. வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களை இரண்டு கண்ணிலும் ஒரே நாளில் ஏற்றினார்கள். ஊசிக்கு முன்னால் அந்தக் கண்களில் 6/9 முதல் 6/60 வரை பார்வை இருந்தது. சில நாட்களுக்குள் கண் அழுத்தம் ஏறியது, உள்ளே ரத்தம் கசிந்தது, விழித்திரை விலகியது, லென்ஸ் இடம் பெயர்ந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது இருந்ததிலேயே நல்ல பார்வை 6/60. மோசமான நிலை, வெளிச்சம்கூடத் தெரியாதது. மியாமியின் பாஸ்கம் பால்மர் கண் மருத்துவமனை மருத்துவர்கள் உள்ளிட்ட குழு 2017 மார்ச்சில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் இதை எழுதியது. கோபே பெண்ணின் ஒரு வருட முடிவும் அந்த இதழின் அதே வெளியீட்டில்தான் வந்தது. அவருக்குப் பார்வை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

நம் நாட்டில் விதி தெளிவாகவே இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, சில ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான எலும்பு மஜ்ஜை மாற்றுவகைச் சிகிச்சையைத் தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சை எதையும் முறையான சோதனைக்கு வெளியே நோயாளிக்குக் கொடுக்கக் கூடாது. முறையான சோதனை என்றால் செலவு நடத்துகிறவர்களுடையது. சோதனையால் உங்களுக்குப் பாதிப்பு வந்தால் மருத்துவம் பார்ப்பதும் இழப்பீடு கொடுப்பதும் அவர்கள் பொறுப்பு என்று 2019-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. செல்லுக்கும் ஓ.டி.க்கும் உங்களிடம் பில் போடுகிறார்கள் என்றால் அது சோதனை இல்லை, வியாபாரம்.

இந்தியச் சோதனைப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ. பக்கத்தைத் திறந்தால் தலைப்போடு நிறுத்தாதீர்கள், கீழே இறங்குங்கள். நெறிமுறைக் குழுவின் பெயரும் ஒப்புதல் நிலையும் இருக்கும். பணம் யார் கொடுக்கிறார்கள் என்று ஒரு வரி. மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி நிலை என்று இன்னொரு வரி. அதில் 'பொருந்தாது' என்று இருந்தால், ஏன் பொருந்தாது என்று எழுத்தில் பதில் வாங்கும்வரை ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். தலைமையாசிரியர் கொண்டுவந்த எண்ணில் அப்படித்தான் இருந்தது. அவர்கள் ஏற்கனவே முன்பணம் கட்டியிருந்தார்கள், அது திரும்பி வரவில்லை. மகனுக்கு அது பெரிய கஷ்டம். ஆனால் தலைமையாசிரியர் இன்றைக்கும் அந்த 6/12 கண்ணில் பேப்பர் படிக்கிறார். பணத்தோடு போனது என்று நான் நிம்மதியாக இருக்கிறேன்.

இரண்டு கண்ணும் ஒரே நாளில்

யார் சொன்னாலும் கூடாது.

காத்திருக்கும்போது ஊசியை விட்டுவிடுவது

ஈர வகைக்காரர்கள் செய்வது. ரானிபிசுமாப், அஃப்லிபர்செப்ட், பெவாசிசுமாப் இவற்றில் ஏதோ ஒன்று போட்டுக்கொண்டிருப்பார்கள். மாதா மாதம் அலைச்சல், செலவு, கண்ணில் ஊசி என்ற பயம். "ஸ்டெம் செல் வந்துட்டா இதெல்லாம் வேண்டாமே, அதுவரைக்கும் நிறுத்தி வைப்போம்" என்று வீட்டில் முடிவாகிவிடும். அந்த இடைவெளியில் கசிவு மறுபடி ஆரம்பித்து மாகுலாவில் தழும்பு விழுகிறது. தழும்பு விழுந்த கண்ணை இந்த ஊசியாலும் மீட்க முடியாது, சோதனைக்காரர்களும் பெரும்பாலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். செலவுதான் பிரச்சினை என்றால் அதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். விலை குறைந்த மருந்தும் காப்பீட்டுத் திட்டமும் பற்றிப் பேச வழி உண்டு. சொல்லாமல் நின்றுவிட்டால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

"பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியுதாமே"

அவருக்குக் கூடவே கண்புரை அறுவை சிகிச்சையும் நடந்ததா என்று கேளுங்கள். தெளிவு அதனால் வந்திருக்கலாம்.

சத்து மாத்திரையை ஸ்டெம் செல்லுக்கு ஈடாக நினைப்பது

லூட்டின், துத்தநாகம் சேர்ந்த ஏ.ஆர்.ஈ.டி.எஸ்.-2 மாத்திரை நடுத்தர நிலை உலர் வகை முற்றாமல் இருக்க உதவும். போன பார்வையைத் தராது. புகை பிடித்தவர்கள் பீட்டா கரோட்டின் கலந்த பழைய மாத்திரையைத் தொடவே கூடாது.

நல்ல சோதனை கிடைத்தால் பார்வை திரும்பிவிடும் என்று நம்புவது

லண்டனில் மூர்ஃபீல்ட்ஸ் மருத்துவமனையில் இரண்டு பேருக்கு ஆர்.பி.ஈ. ஒட்டு வைத்ததில், ஒரு வருடத்தில் கண் பரிசோதனைப் பலகையில் ஒருவர் 29 எழுத்தும் இன்னொருவர் 21 எழுத்தும் கூடுதலாகப் படித்தார்கள் என்று 2018-இல் செய்தி வந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் பலர் வருகிறார்கள். மகிழ்ச்சியான செய்திதான், எனக்கும் அது பெரிய நம்பிக்கை. ஆனால் அவர்கள் இருவரும் ஈர வகையில் திடீரென்று பார்வை இறங்கியவர்கள். பத்து வருடமாகத் தேய்ந்த உலர் வகைக் கண்ணோடு அதை ஒப்பிட முடியாது.

அமெரிக்காவின் தேசியக் கண் நிறுவனத்தில் கபில் பார்த்தி குழு 2022-இல் உலர் வகைக்கு நோயாளியின் சொந்தச் செல்லிலிருந்தே ஒட்டு வைத்தது. பெங்களூரின் ஐஸ்டெம் நிறுவனம் தன் ஆர்.பி.ஈ. செல்களை மனிதர்களிடம் சோதிக்க 2024-இல் ஒப்புதல் பெற்றது. இவை எல்லாமே ஆரம்பக் கட்டங்கள். ஆரம்பக் கட்டத்தின் முதல் கேள்வி 'ஆபத்து உண்டா' என்பது. பொதுவாக மோசமான கண்ணில்தான் முதலில் செய்வார்கள். அடுத்தவர் செல் என்றால் உடல் அதை ஒதுக்காமலிருக்க எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து தேவைப்படலாம். சர்க்கரை, சிறுநீரகப் பிரச்சினை உள்ள எழுபது வயதுக்காரருக்கு அது சின்ன விஷயம் இல்லை. இதையெல்லாம் தெரிந்துகொண்டு சேர விரும்புகிறவர்களை நான் மனசார ஊக்குவிக்கிறேன். ஓ.சி.டி. படங்கள் இருக்கும் சி.டி., ஊசி போட்ட தேதிகள், மற்ற நோய்களின் மருந்துச் சீட்டு ஆகியவற்றை ஒரே ஃபைலில் வைத்திருந்தால் தகுதி பார்க்கும்போது பாதி அலைச்சல் மிச்சம்.

கட்டம் பார்க்காமல் இருப்பது

குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்ட ஆம்ஸ்லர் கட்டத்தாளைச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். தினமும் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். கோடு புதிதாக வளைந்தால் ரிவ்யூ தேதிக்குக் காத்திருக்காமல் கிளம்பி வாருங்கள்.

குறைபார்வைப் பயிற்சியைத் தள்ளிப்போடுவது

"சிகிச்சை வந்ததும் சரியாயிடும், பூதக்கண்ணாடி எதுக்கு" என்று மறுக்கிறவர்கள் நிறையப் பேர். மாகுலா போனாலும் அதைச் சுற்றியுள்ள விழித்திரை வேலை செய்கிறது. பார்வையைச் சற்று ஓரமாகத் திருப்பி அந்தப் பகுதியால் படிக்கப் பழகலாம். ஒரு அம்மா பேத்தியின் முகத்தைப் பார்க்க அவள் காதுப் பக்கம் பார்வையை வைக்கப் பழகினார். சில வாரம் சலிப்பாக இருந்தது, பிறகு வந்துவிட்டது. விளக்கு பொருத்திய உருப்பெருக்கி, மாத்திரைப் பட்டையில் கறுப்பு மார்க்கரால் பெரிய எழுத்து, போனில் எழுத்தை வாசிக்கும் வசதி, மாடிப்படி விளிம்பில் மஞ்சள் டேப். எந்தச் சோதனையில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் இதை இந்த வாரமே தொடங்கலாம். குறைபார்வைப் பிரிவு உள்ள கண் மருத்துவமனையில் நேரம் கேட்கும்போது, நோயாளி தினமும் செய்ய ஆசைப்படும் ஒரு வேலை எது என்று யோசித்து வைத்துக்கொண்டு வாருங்கள். பயிற்சியை அதிலிருந்துதான் ஆரம்பிப்போம்.