புது ரேடியேட்டருக்குள் பழைய அழுக்கு: கூலிங் சிஸ்டத்தைக் கழுவும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரேடியேட்டர் மாற்றும்போது நடக்கும் தவறுகளில் செலவு மிகுந்தது, வேலையின் வரிசை மாறிப்போவதுதான். பழைய ரேடியேட்டரைக் கழற்றிப் போட்டு, ஜே.சி. ரோட்டுக் கடையில் வாங்கிவந்த புதியதை மாட்டி, குழாய்த் தண்ணீரை நிரப்பிச் சிறிது நேரம் என்ஜினை ஓடவிட்டு வடித்துவிட்டால் ஃப்ளஷ் முடிந்தது என்பதே பெங்களூரில் பல பட்டறைகளின் கணக்கு. துருவும் சுண்ணாம்புப் படிவும், பழைய கூலன்ட் கெட்டியாகி உண்டான கொழகொழப்பும் தங்கியிருப்பது என்ஜின் பிளாக்கிலும் (என்ஜினின் முக்கிய உலோக உடல்) ஹீட்டர் கோரிலும்தான் (காருக்குள் சூடான காற்றுத் தரும் சிறிய ரேடியேட்டர்); அவற்றை இளக்கிக் கிளப்பிவிட்டால் அவை முதலில் வந்து அடைவது புது ரேடியேட்டரின் தட்டையான அலுமினியக் குழல்களில். அந்தக் குழல்களின் உள் இடைவெளி ஓரிரு மில்லிமீட்டர் அளவே என்பதால், ஒருமுறை அடைத்த பொருக்கு பிறகு எத்தனை முறை கழுவினாலும் முழுதாக வெளியேறாது. எனவே பழைய ரேடியேட்டர் வண்டியில் இருக்கும்போதே கழுவ வேண்டும். அது தாங்காத அளவுக்கு ஒழுகினால், இரண்டு பெரிய ஹோஸ்களையும் கழற்றி பிளாக்கைத் தனியாகவும் ஹீட்டரைத் தனியாகவும் கழுவி, தண்ணீர் தெளிந்து வந்த பிறகே புதியதை இணைக்க வேண்டும்.

அப்படிக் கழுவும்போதும், வெப்பத்துக்கேற்பக் கூலன்டின் வழியைத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட்டை மறந்துவிடுகிறார்கள். பெரும்பாலான கார்களில் அது 80 முதல் 90 டிகிரி வெப்பத்தில்தான் திறக்கும். குளிர்ந்த என்ஜினில் ஹோஸ் வழியாகத் தண்ணீரை விட்டால், மூடிய தெர்மோஸ்டாட் அதைத் தடுத்துவிட, பிளாக்கின் பெரும்பகுதி தொடப்படாமலேயே நின்றுவிடும். அதைக் கழற்றிவிட்டு, கூலன்ட் வழக்கமாக ஓடும் திசைக்கு எதிராகத் தண்ணீரைச் செலுத்தினால்தான் மூலைகளில் ஒட்டியிருக்கும் வண்டல் பெயரும். என்ஜின் சூடாக இருக்கையில் இதைச் செய்யவே கூடாது: கொதிக்கும் ஹெட்டில் (பிளாக்கின் மேல் மூடியிருக்கும் பகுதி) பச்சைத் தண்ணீர் பட்டால் அது விரிசல் விடக்கூடும், ரேடியேட்டர் மூடியைத் திறப்பவரின் கையும் முகமும் வெந்துபோகும்.

கழற்றிய தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் பொருத்தாமல், "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதற்கு சார்?" என்று மெக்கானிக் ஓரமாக வைத்துவிடுவது இங்கே சாதாரணம். வண்டி சூடேறும் புகார் தற்காலிகமாக அடங்குவதால் உரிமையாளரும் மகிழ்ந்துபோகிறார். தெர்மோஸ்டாட் இல்லாத என்ஜின் உரிய வெப்பத்தை எட்ட மிக நேரம் பிடிக்கும். என்ஜின் இன்னும் குளிராகவே இருப்பதாகக் கருதி இசியு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) கூடுதலாகப் பெட்ரோலைப் பாய்ச்சிக்கொண்டே இருக்கும். ஆயிலில் ஈரம் தங்கிக் கசடு சேரும். காலையில் நாலு கிலோமீட்டர் ஓட்டி அலுவலகத்தில் நிறுத்தும் காருக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை என்பது என் கருத்து. ரேடியேட்டருக்குச் செலவழிக்கிறவர் புதிய தெர்மோஸ்டாட்டையும் அதன் ரப்பர் வளையத்தையும் சேர்த்தே வாங்கிவிடலாம், விலை பெரிதல்ல.

ஹீட்டரைப் பெங்களூர்க்காரர்கள் மார்கழிக் காலையில்கூட அதிகம் போடுவதில்லை. பல பழைய கார்களில் வெப்பநிலைக் குமிழ் குளிர்ப்பக்கம் இருக்கும்வரை ஹீட்டருக்குள் கூலன்ட் போகும் வால்வு மூடியே கிடப்பதால், அங்கே தேங்கியது தேங்கியபடியே கெட்டுப்போயிருக்கும். கழுவும்போது குமிழைச் சூட்டின் உச்சத்தில் வைக்க வேண்டும். அடைப்பு இருக்கிறதென்று கம்ப்ரஸர் காற்றை முழு வேகத்தில் ஊதுவது ஆபத்து. மெல்லிய ஹீட்டர் கோர் பிளந்தால், அதை மாற்ற அநேக வண்டிகளில் டேஷ்போர்டையே பிரிக்க நேரும்.

அடுத்தது தண்ணீர். காவிரி நீர் வராத அடுக்குமாடிகளில் புழங்குவது போர்வெல் அல்லது டேங்கர் தண்ணீர். கீசரின் காயிலில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டுகிற அதே உப்பு, என்ஜினின் மிகச் சூடான பகுதியான ஹெட்டைச் சுற்றிலும் அப்படியே கட்டும். கால்சியமும் மெக்னீசியமும் சில கூலன்ட்களில் உள்ள பாஸ்பேட்டோடு சேர்ந்து வண்டலாகவும் இறங்கும். முதல் சில சுற்றுகளுக்குக் குழாய்த் தண்ணீர் போதும் என்றாலும், கடைசிச் சுற்றும் கூலன்டில் கலக்கும் நீரும் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டராகவோ உப்பு நீக்கிய நீராகவோதான் இருக்க வேண்டும். வீட்டு ஆர்ஓ தண்ணீர் அதற்கு ஈடாகாது, சுவைக்காக அதில் கொஞ்சம் உப்பை விட்டுவைக்கும் இயந்திரங்களே அதிகம்.

துணி சோப்புத் தூளும் பாத்ரூம் ஆசிட்டும் இந்த வேலைக்கு வரக் கூடாது. சோப்பு நுரை முழுதாகப் போகாது. ஆசிட் படிவத்தோடு அலுமினியத்தையும் அரிக்கும். ஃப்ளஷ் செய்வதற்கென்றே விற்கும் திரவத்தை, டப்பாவில் குறித்த நேரத்துக்கு மேல் உள்ளே விடாமல், பிறகு பலமுறை வெறும் நீரால் அலச வேண்டும். ஒழுகலை நிறுத்த முன்பு யாராவது மஞ்சள் தூளைப் போட்டிருந்தால் (நெடுஞ்சாலையில் இன்றும் நடக்கும் கைவைத்தியம்) அதைச் சொல்லிவிடுவது நல்லது, ஏனெனில் ஹீட்டரின் நுண்வழிகளைத்தான் அது முதலில் அடைத்திருக்கும்.

கவனமாக வேலை செய்பவர்களும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மொத்தம் 6 லிட்டர் கொள்ளும் ஒரு காரில், அலசிய பிறகு கீழ் ஹோஸைக் கழற்றினால் 4 லிட்டர்தான் வடிகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 2 லிட்டர் வெறும் நீராக பிளாக்கிலும் ஹீட்டரிலும் நிற்கிறது. அதன்மேல் பாதிக்குப் பாதி கலந்து விற்கும் ரெடிமிக்ஸ் கூலன்டை 4 லிட்டர் ஊற்றினால், உள்ளே சேரும் கிளைக்கால் (கூலன்டின் மூலப்பொருள்) 2 லிட்டர் மட்டுமே. 50 சதவீதம் என்று நம்பியது 33 சதவீதமாகிவிடும். உறைபனி விழாத ஊரில் அதனால் என்ன என்று கேட்கலாம். அரிப்பைத் தடுக்கும் சேர்மானங்களும் அதே அளவில் நீர்த்துப்போகும் என்பதுதான் நட்டம். இந்த நிலையில் கலக்காத கான்சென்ட்ரேட்டை 3 லிட்டர் முதலில் ஊற்றி, மீதியை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்பினால் கணக்குச் சரியாகும். நிறத்தைப் பார்த்துக் கூலன்ட் வாங்குவதும் வேண்டாம். பச்சை, சிவப்பு, நீலம் என்பவை ஒவ்வொரு நிறுவனமும் போட்டுக்கொள்ளும் சாயங்கள். வண்டியின் கையேட்டில் குறித்த வகையே அளவுகோல்.

புது ரேடியேட்டருக்குப் பழைய மூடியைப் போடுவதும் கூடாது. ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும். ஒழுங்கான மூடி ஏறத்தாழ 1 பார் அழுத்தத்தைப் பிடித்துவைத்தால் கொதிநிலை 120-ஐ நெருங்கும். ஸ்பிரிங் தளர்ந்த மூடி சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் தாக்குப்பிடித்தாலும், சித்திரை வெயிலில் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் நோக்கி மேடேறி வரும்போது காட்டிக்கொடுத்துவிடும். ஹோஸ் கிளிப்பைப் பலம்கொண்ட மட்டும் முறுக்கி, பிளாஸ்டிக் கழுத்தில் கீறல் விழவைப்பதும் அடிக்கடி காணும் காட்சி.

நிரப்பும்போது காற்றை வெளியேற்றாவிட்டால் அதுவரை செய்த அத்தனையும் வீண். வண்டியின் முன்பக்கம் சற்று உயர்ந்திருக்க, ஹீட்டர் முழுச் சூட்டில் இருக்க, காற்று விடும் திருகு இருந்தால் அதைத் திறந்துவைத்து மெதுவாக ஊற்ற வேண்டும். சென்சாரைச் சுற்றிக் காற்றுக்குமிழ் நின்றால், ஹெட் கொதித்துக்கொண்டிருக்கையிலும் டேஷ்போர்டு முள் அசையாமல் இருக்கக்கூடும். ஹீட்டரில் சூடான காற்று வருவதும், ஃபேன் தானாக ஓடி நிற்பதும், கீழ் ஹோஸ் சூடேறுவதும் மூன்றும் நடந்த பிறகே வண்டியைப் பட்டறையிலிருந்து எடுக்கலாம்.

வடித்த கூலன்டை வாசல் சாக்கடையில் ஊற்றிவிடுவது இங்கே பழக்கமாகிவிட்டது. மழைநீர்க் கால்வாய்கள் ஏரிகளில் போய்ச் சேருகின்றன. தவிர எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருப்பதால் தெருநாய்கள் நக்கும், சிறிதளவே அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். மூடியுள்ள கேனில் பிடித்து, கழிவு ஆயில் எடுப்போரிடமோ சர்வீஸ் சென்டரிலோ கேட்டுக் கொடுப்பதே முறை.

பழைய கூலன்டில் எண்ணெய் மிதந்தாலோ, பாலேடுபோல் கலங்கியிருந்தாலோ கழுவுவதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். டார்க் கன்வர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக் கார்கள் பலவற்றில் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் பகுதி ரேடியேட்டருக்குள்ளேயே இருப்பதால், அது உடைந்து இரண்டும் கலந்திருக்கலாம். எல்லாம் சரியாக முடிந்த வண்டியிலும் முதல் இரண்டு மூன்று நாள்களில் ரிசர்வாயர் மட்டம் சிறிது இறங்கும், மிச்சக் காற்று வெளியேறுவதே காரணம். என்ஜின் ஆறியிருக்கும் காலை வேளையில் பார்த்து நிரப்பினால் போதும். அதன் பிறகும் மட்டம் இறங்கிக்கொண்டே போய், கீழே ஒரு சொட்டுகூடக் காணவில்லை என்றால், புது ரேடியேட்டரைத் திருப்பிக் கொடுக்கப் போகும் முன் கேஸ்கெட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள்.