கரைவெட்டி ஏரியில் குளிர்கால வாத்துகளை எண்ணுவது எப்படி? தொடக்க நிலையினருக்கான செய்முறை

அரியலூர் மாவட்டத்திலுள்ள கரைவெட்டி, பாசனத்துக்காக நீரைத் தேக்கி வைக்கும் ஏரி. மேட்டூரிலிருந்து புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக வரும் காவிரி நீரும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து அதனை நிரப்புகின்றன. 1999ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024ஆம் ஆண்டு உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்ற இந்த ஏரியின் பரப்பு ஏறத்தாழ 454 ஹெக்டேர். அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பின் நடுவில் வாத்துகள் தங்குவதால், முதன்முறை கரையில் நிற்பவருக்குக் கரும்புள்ளிகளைத் தவிர வேறெதுவும் தெரியாது. அந்தப் புள்ளிகளுக்குப் பெயரும் எண்ணிக்கையும் இடும் முறையை இங்கே எழுதுகிறேன். வடுவூர், கூந்தன்குளம் பறவைகள் சரணாலயங்களிலும் இதே முறை செல்லும்.

படி 1: நாளும் நேரமும்

சேற்றுக் கரையில் இரை தேடும் பறவைகளான உள்ளான் வகைகள் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களிலேயே வரத் தொடங்கிவிடும். வாத்துகள் பெரும்பாலும் அக்டோபர் இறுதிக்குப் பிறகே வரும். மார்ச் மாதத்தில் கூட்டங்கள் கலையும். புதிதாகத் தொடங்குபவர்கள் சனவரியில் செல்வதே நல்லது என்பது என் கருத்து. காரணத்தை ஐந்தாம் படியில் சொல்கிறேன். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் அம்மாதத்தில் நடப்பதால், உங்கள் எண்ணிக்கையை மற்ற ஏரிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிடவும் முடியும்.

விடிந்தவுடன் தொடங்கி ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள். வெயில் ஏறியபின் நீர்ப்பரப்பின் மேல் காற்று நடுங்கத் தொடங்கிவிடும். அதன்பின் எவ்வளவு விலையுயர்ந்த கருவியானாலும் அலகின் வடிவம் தெரியாது.

படி 2: கருவி

8x42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிதாக்குவது, முன்கண்ணாடியின் விட்டம் 42 மி.மீ.) போதும். பத்து மடங்கு பெரிதாக்குவதை வாங்கச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் கை நடுக்கமும் அதே அளவு பெரிதாகும் என்பதால், தொடக்கத்தில் அதனைப் பரிந்துரைக்க மாட்டேன். உருப்பெருக்கத்தை மாற்றிக்கொள்ளும் வகைப் பைனாகுலரை விலை மலிவு என்பதற்காக வாங்கவே வேண்டாம். முக்காலியில் பொருத்திய ஸ்பாட்டிங் ஸ்கோப் (ஒற்றைக்கண் தொலைநோக்கி) யாரிடமாவது இருந்தால் அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். ஆனால் அதனை அறுபது மடங்குக்குத் திருகாமல் இருபதிலிருந்து முப்பதுக்குள் வைத்துப் பார்ப்பதே தெளிவாக இருக்கும்.

பெரும்பாலான பைனாகுலர்களின் வலக்கண் பக்கத்தில் ஒரு சிறிய வளையம் உண்டு. அதற்கு டயாப்டர் வளையம் என்று பெயர். வலப்பக்க முன்கண்ணாடியைக் கையால் மறைத்து, இடக்கண்ணால் தொலைவிலுள்ள ஒரு மரக்கிளையை நடுச்சக்கரத்தால் தெளிவாக்குங்கள். பிறகு இடப்பக்கத்தை மறைத்து, நடுச்சக்கரத்தைத் தொடாமல், அந்த வளையத்தை மட்டும் திருகி அதே கிளையை வலக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். "அரை மணி நேரத்தில் தலை வலிக்கிறது" என்று சொல்பவர்களில் பலர் இதைச் செய்யாதவர்கள்.

கேமராவை எண்ணி முடிக்கும்வரை பையிலேயே வைத்திருங்கள்.

படி 3: நிற்கும் இடம்

சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். அதாவது காலையில் ஏரியின் கிழக்குப் பக்கத்தில் நின்று மேற்கு நோக்கிப் பார்க்க வேண்டும். கரையின் உச்சியில் நின்றால் வானத்தின் பின்னணியில் உங்கள் உருவம் தனித்துத் தெரிந்து, அருகிலுள்ள பறவைகள் விலகிச் செல்லும். ஒரு மரத்தையோ புதரையோ ஒட்டி நில்லுங்கள்.

படி 4: எண்ணுதல்

முதலில் இனத்தைப் பற்றிக் கவலைப்படாமல், கூட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மொத்த வாத்துகளை மட்டும் எண்ணுங்கள். பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து நீரில் எவ்வளவு அகலம் பிடிக்கிறது என்று மனத்தில் பதித்துக்கொண்டு, அந்த அகலத்தை அளவுகோலாக வைத்துப் பத்துப் பத்தாக நகருங்கள். கூட்டம் பெரிதானால் ஐம்பது ஐம்பதாக நகரலாம். கூட்டத்தின் நடுப்பகுதி நெருக்கமாகவும் ஓரங்கள் தளர்வாகவும் இருக்கும். ஆகவே ஓரத்தில் எடுத்த அளவுகோலை நடுப்பகுதிக்குப் பயன்படுத்தினால் எண்ணிக்கை மிகவும் குறைந்துவிடும். இரண்டுக்கும் தனித்தனி அளவு எடுப்பது நல்லது.

மொத்தம் கிடைத்தபின் இரண்டாம் சுற்றில் இனங்களின் விகிதத்தைப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, மொத்தம் 1,200 வாத்துகள் என்று வைத்துக்கொள்வோம். கூட்டத்தின் ஐந்து வெவ்வேறு இடங்களில் நாற்பது நாற்பதாக 200 பறவைகளைக் கூர்ந்து பார்த்ததில் 120 ஊசிவால் வாத்து, 50 நீலச்சிறகி, 30 தட்டைவாயன் என்று தெரிந்தால், முழுக்கூட்டத்தில் முறையே 720, 300, 180 என்று கணக்கிடலாம். ஐந்து இடங்களும் கூட்டத்தின் வெவ்வேறு பகுதிகளில் இருப்பது முக்கியம், ஏனெனில் ஒரே இனத்தைச் சேர்ந்தவை பெரும்பாலும் ஒன்றாகவே ஒதுங்கியிருக்கும்.

சேற்றுப் பூனைப்பருந்து தாழ்வாகப் பறந்து வந்தால் மொத்தக் கூட்டமும் எழுந்துவிடும். அப்போது பாதியில் நின்ற எண்ணிக்கையைத் தொடர முயலாமல், அவை அமர்ந்தபின் முதலிலிருந்து தொடங்குங்கள்.

படி 5: பழுப்பு வாத்துகளுக்குப் பெயரிடுதல்

எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான். கையேட்டில் ஆண் ஊசிவால் வாத்துக்குச் சாக்லேட் நிறத் தலையும் வெண்ணிறக் கழுத்தும் இருக்கும். ஆண் நீலச்சிறகிக்குக் கண்ணுக்கு மேல் பளிச்சென்ற வெள்ளைப் பட்டை இருக்கும். ஆனால் நவம்பரில் ஏரிக்குச் சென்றால் அப்படி அதிகம் கண்ணில் படாது. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஆண் வாத்துகள் வண்ண இறகுகளை உதிர்த்துப் பெட்டையைப் போன்ற மங்கிய தோற்றம் பெறுகின்றன. வலசை வந்து சில வாரங்கள்வரை பலவற்றில் அந்தத் தோற்றம் நீடிக்கிறது. சனவரிக்குள் பல இனங்களின் ஆண்கள் (நீலச்சிறகி இன்னும் தாமதிக்கலாம்) முழு வண்ணத்துக்குத் திரும்பிவிடும் என்பதாலேயே அம்மாதத்தைப் பரிந்துரைத்தேன். அப்போதும் கூட்டத்தில் பெரும்பகுதி பெட்டைகளாக இருக்கக்கூடும். எனவே நிறத்தை விட்டுவிட்டு அலகு, முகம், பின்பகுதி என்ற வரிசையில் பாருங்கள்.

அலகு தலையைவிட நீளமாக, நுனியில் கரண்டிபோல் அகன்றிருந்தால் அது தட்டைவாயன். வேறு ஐயமே வேண்டாம். அலகு சாம்பல் நிறமாக, முகம் கோடுகளின்றி வெறும் பழுப்பாக, கழுத்து மெலிந்து நீண்டு, வால் கூர்மையாக இருந்தால் ஊசிவால் பெட்டை. முகத்தில் கண்ணை ஊடறுத்து ஒரு கருங்கோடும், அதற்குக் கீழே கன்னத்தில் இன்னொரு கோடும், அலகு முகத்தோடு சேரும் இடத்தில் ஒரு வெளிர் புள்ளியும் இருந்தால் நீலச்சிறகி. உடல் நீலச்சிறகியின் அளவே இருந்து, முகக்கோடுகள் தெளிவின்றி, வாலின் பக்கவாட்டில் வெளிர் கீற்று ஒன்று தெரிந்தால் கிளுவை. உடல் செம்பழுப்பாக, அலகு சிறியதாக, சாம்பல் நிறத்தில் கருநுனியோடு இருந்தால் நாமத்தலை வாத்து.

இங்கேயே வாழும் புள்ளிமூக்கு வாத்தை வலசை வந்ததாக எழுதிவிட வேண்டாம். அதில் ஆணும் பெண்ணும் ஒரே தோற்றம். கரிய அலகின் நுனி மஞ்சளாக இருப்பதைத் தொலைவிலிருந்தும் காணலாம். வரித்தலை வாத்து யாரையும் குழப்பாது: வெண்தலையில் இரண்டு கரும்பட்டைகள். மங்கோலியா, திபெத் பகுதிகளில் இனப்பெருக்கம் செய்து, இமயத்தைக் கடந்து வருவது அது.

பெயர் தெரியாத பறவையை "வாத்து இனம்" என்றே எழுதுங்கள். ஊகித்து எழுதிய பெயரைவிட அது மதிப்புள்ள பதிவு.

படி 6: கரையோரம்

நீர் வடிந்து சேறு வெளிப்பட்டபின் உள்ளான்களைப் பார்க்கலாம். அவற்றுக்குத் தனிக் கட்டுரை வேண்டும். இப்போதைக்கு, நீண்ட இளஞ்சிவப்புக் கால்களுடைய நெடுங்கால் உள்ளானை மட்டும் கற்றுக்கொண்டு, மற்றவற்றை அடுத்த குளிர்காலத்துக்கு ஒத்திவைத்தாலும் குறையில்லை.

படி 7: பதிவு

தாளில் குறித்ததை அன்றே, பறவைப் பதிவுகளைச் சேகரிக்கும் இ-பேர்ட் (eBird) செயலியில் ஏற்றுங்கள். அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் பதிவு செய்தீர்களா என்று அது இறுதியில் கேட்கும். வாத்துகளை மட்டும் எழுதிவிட்டுக் கரையிலிருந்த காகத்தையும் மைனாவையும் விட்டிருந்தால் நேர்மையாக "இல்லை" என்று குறிப்பிடுங்கள். எண்ண முடியாத இனத்துக்கு எண்ணுக்குப் பதிலாக எக்ஸ் குறியிடலாம். எனினும் தோராயமான எண்ணே அதைவிடப் பயன்தரும் என்பேன்.

பின்சேர்க்கை

இதைப் படித்தவர்கள் கேட்டவற்றுக்காகப் பின்னர் சேர்த்தவை. ஏரிக்கரையில் இணைய இணைப்பு இல்லாவிட்டாலும் செயலி வேலை செய்யும். அந்தப் பகுதிக்கான பறவைப் பட்டியலை வீட்டிலேயே தரவிறக்கிவிடுங்கள். பெரிய எண்ணிக்கையை இட்டதும் செயலி விளக்கம் கேட்பதைக் கண்டு அஞ்சி எண்ணைக் குறைக்க வேண்டாம். "பத்துப் பத்தாக எண்ணி மதிப்பிட்டது" என்று ஒரு வரி எழுதினால், சரிபார்க்கும் தன்னார்வலருக்கு அது உதவும். வரித்தலை வாத்தின் கழுத்தில் எழுத்து, எண்கள் உள்ள அடையாளப் பட்டை மாட்டியிருந்தால், அது மங்கோலியா போன்ற இடங்களில் ஆய்வாளர்கள் இட்டதாக இருக்கலாம். பட்டையின் நிறத்தையும் அதிலுள்ள எழுத்து, எண்களையும் குறித்துப் படத்தோடு பதிவேற்றுங்கள். படம் எடுப்பதற்காக நீரை நோக்கி இறங்க வேண்டாம்.