கீபோர்டு உள்ள ஹேண்ட்ஹெல்டு: பட்டனில் என்ன எழுதுவது, எப்படி ஒட்டுவது?

ராஸ்பெரி பை என்ற சின்ன கணினி போர்டை வைத்து சொந்தமாக ஹேண்ட்ஹெல்டு (கையில் பிடித்து விளையாடும் கேம் கருவி) செய்பவர்கள் திரைக்கும் பேட்டரிக்கும் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். பட்டனில் என்ன எழுதுவது என்பதைக் கடைசி நாளுக்குத் தள்ளிவிடுவார்கள். வெறும் கேம்பேடு என்றால் பரவாயில்லை. கீபோர்டும் சேர்ந்தால் ஏ, பி, எக்ஸ், ஒய் நான்கும் கருவியில் இரண்டிரண்டு இருக்கும். 'எக்ஸை அழுத்து' என்று திரையில் வந்தால் எந்த எக்ஸ்?

படி 1: வரிசையை முடிவு செய்யுங்கள்

1990-இல் வந்த சூப்பர் ஃபாமிகாம் கேம் கருவியில் நிண்டெண்டோ வைத்த வரிசை: வலது ஏ, கீழே பி, மேலே எக்ஸ், இடது ஒய். 2001-இல் வந்த எக்ஸ்பாக்ஸில் கீழே ஏ, வலது பி, இடது எக்ஸ், மேலே ஒய். அதே நான்கு எழுத்துதான், ஒன்றுகூட ஒரே இடத்தில் இல்லை.

பழைய கேம் கருவிகளைப் போல நடிக்கும் எமுலேட்டர்களை ஓட்டும் மென்பொருளான ரெட்ரோஆர்க் உள்ளுக்குள் நிண்டெண்டோ வரிசையைத்தான் எடுத்துக்கொள்கிறது. ஸ்டீமில் வரும் கணினி கேம்கள் பெரும்பாலும் எக்ஸ்பாக்ஸ் பட்டன் படங்களைக் காட்டும். ராஸ்பெரி பையில் நீங்கள் ஓட்டப்போவது எமுலேட்டர்தான் என்றால் யோசிக்காமல் நிண்டெண்டோ வரிசைக்குப் போங்கள். முக்கோணம், வட்டம் எல்லாம் பிளேஸ்டேஷன் கேம்களே கதி என்பவர்களுக்கு மட்டும்.

1, 2, 3, 4 என்று எழுதினால் குழப்பம் தீராது, கீபோர்டில் எண் வரிசையும் இருக்கிறதே. அ, ஆ, இ, ஈ பார்க்க அழகுதான், ஆனால் எந்த கேமும் அதைத் திரையில் காட்டப்போவதில்லை. கீகளில் தமிழ்99 (தமிழ் கீபோர்டு வரிசை) எழுத்தும் அச்சடித்திருந்தால் அதே சிக்கல் தமிழிலும் வந்து நிற்கும்.

படி 2: பட்டன் என்ன அனுப்புகிறது என்று பாருங்கள்

லேபிள் அடிக்கும் முன் டெர்மினலில் ஈவிடெஸ்ட் (எந்தப் பட்டன் எந்த எண்ணை அனுப்புகிறது என்று காட்டும் நிரல்) ஓட்டி ஒவ்வொரு பட்டனாக அழுத்துங்கள். லினக்ஸ் கர்னல் இந்த நான்கையும் திசையை வைத்துத்தான் அழைக்கிறது: சவுத் 304, ஈஸ்ட் 305, நார்த் 307, வெஸ்ட் 308.

304 வர வேண்டிய இடத்தில் 30 வந்தால், உங்கள் போர்டு பட்டனை கீபோர்டின் ஏ எழுத்தாக அனுப்புகிறது. கேமில் எல்லாம் சரியாக நடக்கும். டெர்மினலைத் திறந்து அந்தப் பட்டனில் விரல் பட்டால் 'ஏஏஏ' என்று கொட்டும். போர்டுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரில் அதை ஜாய்ஸ்டிக் பட்டனாக மாற்றுங்கள். க்யூஎம்கே என்ற கீபோர்டு ஃபர்ம்வேரில் அந்த வசதி இருக்கிறது. 2010-இல் வந்த, கீபோர்டு உள்ள பண்டோரா ஹேண்ட்ஹெல்டு இந்தத் தொல்லையே வேண்டாம் என்று நான்கு பட்டனுக்கும் ஹோம், எண்ட், பேஜ் அப், பேஜ் டவுன் கீகளைக் கொடுத்திருந்தது. எழுத்து கீ எதையும் அது தொடவில்லை.

இன்னொன்று. எக்ஸ்பாக்ஸ் பேடாக நடிக்கும் போர்டில் இடது பட்டனை அழுத்தினால் 'நார்த்' என்று வரும். கர்னல் எக்ஸ் என்ற பெயரை நார்த்தோடு கட்டி வைத்திருப்பதால் வரும் கோளாறு அது. வயரைப் பிரிக்காதீர்கள்.

படி 3: கீபோர்டு எழுத்திலிருந்து பிரித்துக் காட்டுங்கள்

கேம் பட்டன் எழுத்தைச் சுற்றி ஒரு வட்டக் கோடு போடுங்கள். கீ எழுத்து 2 மி.மீ. உயரம் என்றால் பட்டன் எழுத்து 4 மி.மீ. கோட்டுத் தடிமன் 0.5 மி.மீ.க்குக் குறையக் கூடாது. குறைந்தால் பி எழுத்தும் எட்டும் ஒன்றுபோலத் தெரியும்.

நிறம் ஒன்றே ஒன்று போதும் என்றால் வலது பட்டனுக்குச் சிவப்பு. சூப்பர் ஃபாமிகாம் ஏ, எக்ஸ்பாக்ஸ் பி, பிளேஸ்டேஷன் வட்டம் மூன்றும் வலதுபக்கம், மூன்றும் சிவப்பு. மற்ற மூன்று திசைகளில் இந்த ஒற்றுமை கிடையாது. எஃப்என் கீக்கு எந்த நிறமோ அதை இங்கே தொடாதீர்கள்.

நீங்களே எழுதும் மெனுவில் எழுத்தே வேண்டாம். நான்கு புள்ளிகளை வைர வடிவில் வரைந்து, அழுத்த வேண்டிய புள்ளியை மட்டும் நிரப்பிக் காட்டுங்கள்.

படி 4: காகிதத்தில் ஒத்திகை

பேப்பரில் அச்செடுத்து செலோடேப் போட்டு ஒட்டி, ஒரு வாரம் விளையாடுங்கள். கையில் வேறு யாரிடமாவது கொடுத்தும் பாருங்கள். அவர்கள் எங்கே தடுமாறுகிறார்களோ அதுதான் பிழை.

படி 5: செய்யும் முறை

ஸ்டிக்கர்தான் சுலபம். சென்னை ஜி.பி. ரோடு பக்கம் வண்டி ஸ்டிக்கர் கடைகளில் பிளாட்டரில் (வினைல் வெட்டும் மெஷின்) வெட்டித் தருகிறேன் என்பார்கள். 4 மி.மீ. எழுத்துக்கு அது ஆகாது. வேண்டாத வினைலை உரிக்கும்போது பி-யின் நடு ஓட்டைத் துண்டுகளும் சேர்ந்து வந்துவிடும். 'பிரிண்ட் அண்ட் கட், மேலே மேட் லேமினேஷன்' என்று கேளுங்கள். 8 மி.மீ. பட்டனுக்கு ஸ்டிக்கர் 6.5 மி.மீ. விளிம்புவரை ஒட்டினால் சென்னை வேர்வையில் ஓரம் தூக்கிக்கொள்ளும். ஒட்டும் முன் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள். அசிட்டோன் வேண்டாம், ஏபிஎஸ் பிளாஸ்டிக் கரைந்துவிடும். ஒட்டியபின் ஒரு நாள் தொடாதீர்கள்.

நீடிக்க வேண்டுமென்றால் 3டி பிரிண்டில் எழுத்தைப் பள்ளமாக எடுங்கள்: ஆழம் 0.5 மி.மீ., கோடு 0.8 மி.மீ. அக்ரிலிக் பெயிண்ட் நிரப்பி, மேலே வழிந்ததை உடனே துடைத்துவிட்டு, காய்ந்ததும் கிளியர் கோட் அடியுங்கள். பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி வாக்கில் இளகும். மே மாத வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் கோணிக்கொள்ளும். பிஇடிஜி பிளாஸ்டிக் நல்லது. லேசர் கடைக்குப் போனால் அக்ரிலிக் கொடுங்கள். பிவிசி கொடுத்தால் குளோரின் கலந்த நச்சுப் புகை வரும், நல்ல கடைக்காரர் வாங்கவே மாட்டார்.

வட்டப் பட்டன் ஓட்டைக்குள் சுழலாமலிருக்க, அடியில் ஒரு சின்ன காது வைத்து வரையுங்கள். இல்லாவிட்டால் எக்ஸ் 45 டிகிரி திரும்பி கூட்டல் குறியாகிவிடும்.

தோள் பட்டன்களின் எழுத்தை அந்தப் பட்டன் மேலேயே எழுதினால் விளையாடும்போது கண்ணில் படாது. எல்1, ஆர்1 இரண்டையும் பாக்ஸின் முன்பக்க விளிம்பில் போடுங்கள். ஸ்டிக்கர் தாளில் மிச்ச இடம் முழுக்க இதே எழுத்துகளை நிரப்பிக் கொடுங்கள், தாளுக்குத்தானே காசு. முதலில் தேயப்போவது ஏ-யும் பி-யும், அவற்றைக் கூடுதலாகப் போடுங்கள்.