வணிகமும் தொழில்நுட்பமும் சேர்ந்த இளநிலைப் படிப்பு: முதல் செமஸ்டரிலிருந்து எப்படிப் படிப்பது?

வணிகம், தொழில்நுட்பம் இரண்டையும் சேர்த்து மேலாண்மை கற்றுத்தரும் இளநிலைப் பட்டம் இப்போது பல பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. இதில் சேருகிறவர்களை முதலில் பிடித்துக்கொள்ளும் பயம், இரண்டிலும் அரைகுறையாகிவிடுவோமோ என்பதுதான். கணினி அறிவியல் மாணவர் அளவுக்கு நிரல் எழுத வராது, வணிகவியல் மாணவர் அளவுக்குக் கணக்கும் வராது என்று நினைக்கிறார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு பாடத்தையும் தனித்தனியாகப் படித்து, தேர்வு எழுதி, மறந்துகொண்டே போனால் அப்படித்தான் முடியும்.

இதற்கு நான் சொல்லும் வழி ஒன்றுதான். ஏதாவது ஒரு சிறிய நிறுவனத்தில் அன்றாடம் நடக்கும் ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். பட்டம் வாங்கும்வரை, படிக்கிற எல்லாப் பாடங்களையும் அந்த ஒரே வேலையில் பொருத்திப் பாருங்கள். இங்கே விளக்கத்துக்காக ஒரு கிளினிக்கில் அப்பாயின்ட்மென்ட் கொடுக்கும் வேலையை எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் நூலகத்தையோ பழுதுபார்க்கும் கடையையோ எடுக்கலாம். நேரில் போய்ப் பார்க்கவும், அங்கிருப்பவர்களிடம் கேள்வி கேட்கவும் முடிகிற இடமாக இருந்தால் போதும்.

படி 1: பாடத்திட்டத்தைக் கடைசி ஆண்டிலிருந்து படியுங்கள்

சேருவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். முதல் ஆண்டுப் பாடங்கள் எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். வித்தியாசம் தெரிவது கடைசி ஆண்டில்தான். அங்கே நிஜமான நிறுவனத்துக்குச் செய்யும் ப்ராஜெக்ட் உண்டா? இன்டர்ன்ஷிப்புக்குக் கிரெடிட் தருகிறார்களா? தரவுத்தளம், புள்ளியியல், கணக்கியல் மூன்றும் கட்டாயப் பாடங்களா, விருப்பப் பாடங்களா? பட்டத்தின் பெயரில் ‘தொழில்நுட்பம்’ என்று இருந்தும், பாடத்திட்டத்தில் ஒரே ஒரு கணினிப் பாடம் மட்டும் இருந்தால், அது வழக்கமான மேலாண்மைப் படிப்புதான். தெரிந்து சேர்ந்தால் தவறில்லை.

படி 2: கணக்கியலை ஒதுக்காதீர்கள்

தொழில்நுட்ப ஆர்வத்தோடு வருகிறவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடும் பாடம் இது. பேரேடும் தேய்மானமும் பழைய காலத்துச் சமாச்சாரம் என்று தோன்றும். பழையதுதான். ஒவ்வொரு வரவு செலவையும் இரண்டு கணக்குகளில் பற்றாகவும் வரவாகவும் எழுதும் இரட்டைப் பதிவு முறையை இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பச்சோலி வெனிஸில் அச்சிட்டு விளக்கியது 1494-இல். இன்று நிறுவனங்கள் வாங்கும் பெரிய மென்பொருள்களின் கணக்குப் பகுதியும் அந்த முறையில்தான் ஓடுகிறது.

தொடக்கத்தில் மூன்று அறிக்கைகள் புரிந்தால் போதும்: லாப நட்டக் கணக்கு, இருப்புநிலைக் குறிப்பு (குறிப்பிட்ட நாளில் உள்ள சொத்தும் கடனும்), ரொக்கப் பாய்வு அறிக்கை (பணம் வந்ததும் போனதும்). லாபம் வேறு, கையில் இருக்கும் ரொக்கம் வேறு என்பது மனத்தில் பதிய வேண்டும். கிளினிக் ஒரு கணினி வாங்கினால் பணம் அன்றைக்கே போய்விடுகிறது. செலவு மட்டும் தேய்மானமாகப் பல ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதப்படுகிறது. மென்பொருளை மாதச் சந்தாவில் எடுத்தால், செலவு அந்தந்த மாதத்திலேயே விழுகிறது. சொந்தமாக வாங்கலாமா, சந்தா கட்டலாமா என்ற விவாதத்தில் பாதி இந்த வித்தியாசத்தைப் பற்றியதுதான்.

படி 3: ஒரு தரவுத்தளத்தைக் கையால் கட்டுங்கள்

நிரல் எழுதப் பைதான் கற்றுக்கொள்ளுங்கள், நல்லது. ஆனால் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் தரவுத்தளத்திடம் கேள்வி கேட்டு விடை வாங்கும் மொழியான எஸ்கியூஎல்லைத்தான் (SQL) நான் சொல்வேன். அட்டவணைகளை ஒன்றோடொன்று உறவுபடுத்தித் தரவைச் சேமிக்கும் முறையை ஐபிஎம் என்ற கணினி நிறுவனத்தில் இருந்த எட்கர் காட் 1970-இல் முன்வைத்தார். வணிக உலகத்தின் தரவில் பெரும்பகுதி இன்றும் அந்த வடிவில்தான் இருக்கிறது.

கிளினிக்குக்கு வருவோம். முதலில் எக்செல்லில் ஒரே தாளில் எல்லாவற்றையும் எழுதிப் பாருங்கள்: தேதி, நேரம், நோயாளி பெயர், தொலைபேசி எண், மருத்துவர், வந்தாரா இல்லையா. ஒருவர் பத்து முறை வந்திருந்தால் அவருடைய எண் பத்து வரிகளில் இருக்கும். அவர் எண்ணை மாற்றுகிறார். நீங்கள் ஒன்பது வரிகளில் திருத்தி, ஒன்றை விட்டுவிடுகிறீர்கள். இப்போது எது சரியான எண்? தாளைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

அதனால் நோயாளிகளுக்கு ஓர் அட்டவணை, அப்பாயின்ட்மென்ட்டுகளுக்கு இன்னோர் அட்டவணை என்று பிரிக்கிறோம். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு அடையாள எண் கொடுத்து, இரண்டாவது அட்டவணையில் அந்த எண்ணை மட்டும் வைக்கிறோம். தொலைபேசி எண் இனி ஒரே இடத்தில்தான் இருக்கும். பிறகு இரண்டையும் இணைத்து, ‘கடந்த ஆறு மாதத்தில் இரண்டு முறைக்கு மேல் வராமல் போனவர்கள் யார்?’ என்று கேளுங்கள். தரவுத்தளத்திடம் கேட்கும் இப்படிப்பட்ட கேள்விக்கு வினவல் என்று பெயர். அந்த ஒரு வினவலை நீங்களாகவே எழுதி, விடை சரிதானா என்று கையால் எண்ணியும் பாருங்கள். தரவுத்தளப் பாடத்தின் உயிர் அங்கே இருக்கிறது.

படி 4: வேலை நடக்கும் விதத்தை வரையுங்கள்

வெள்ளைத்தாளில் கிடைமட்டமாக மூன்று பட்டைகள் போடுங்கள்: நோயாளி, வரவேற்பாளர், மருத்துவர். யார் எதைச் செய்கிறார், அடுத்து யாரிடம் போகிறது என்று அம்புக்குறியால் இணையுங்கள். அம்பு ஒரு பட்டையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடங்களைச் சிவப்பில் குறியுங்கள். தாமதமும் தவறும் பெரும்பாலும் அந்த இடங்களில்தான் நடக்கின்றன.

இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், வேலையை மாற்றாமல் கருவியை மட்டும் மாற்றினால் பலன் கிடைப்பதில்லை. தொழிற்சாலைகளுக்கு மின்சாரம் வந்தபோது பலர் நீராவி எஞ்சின் இருந்த இடத்தில் ஒரு பெரிய மின்மோட்டாரை வைத்தார்கள். நீளமான சுழல் தண்டு, அதிலிருந்து ஒவ்வொரு இயந்திரத்துக்கும் போகும் பெல்ட் எல்லாம் அப்படியே இருந்தன. உற்பத்தித்திறன் பெரிதாக ஏறவில்லை. இயந்திரத்துக்கு ஒரு மோட்டார் என்று வைத்து, வேலை ஓடும் வரிசைக்கு ஏற்றபடி தொழிற்சாலையையே மாற்றி அமைத்த பிறகுதான், 1920-களில், அமெரிக்கத் தொழிற்சாலைகளில் அந்தப் பலன் தெளிவாகத் தெரிந்தது. எந்தப் புதுத் தொழில்நுட்பத்தைப் பற்றி வகுப்பில் பேசினாலும் இந்தக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: முடிவுக்கு ஒரு எண் வையுங்கள்

இந்தப் படிப்பு உங்களுக்குத் தரக்கூடிய மிகப் பெரிய திறமை இதுதான். ஒரு கணக்கை முழுதாகப் போடுவோம். எண்கள் கற்பனை. பணம் எந்த நாட்டுடையதாகவும் இருக்கட்டும்.

கிளினிக்கில் நாளைக்கு 40 அப்பாயின்ட்மென்ட். சராசரியாக 6 பேர் வருவதில்லை. ஒருவர் வந்தால் நேரடிச் செலவு போக 200 மிஞ்சும். ஆண்டுக்கு 250 வேலை நாள். அப்படியானால் வராதவர்களால் இழப்பது 6 × 200 × 250 = 3,00,000. நினைவூட்டல் அனுப்பும் மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா 60,000. நிறுவவும் பயிற்சி தரவும் ஒருமுறைச் செலவு 90,000. அதனால் வராதவர்கள் 6-இலிருந்து 4 ஆகக் குறைவார்கள் என்று வைத்துக்கொண்டால், கூடுதலாகக் கிடைப்பது 2 × 200 × 250 = 1,00,000.

முதல் ஆண்டு முடிவில் 50,000 நட்டம். அடுத்து ஒவ்வோர் ஆண்டும் 40,000 மிச்சம். இரண்டாம் ஆண்டு முடிவில் இன்னும் 10,000 பாக்கி. போட்ட பணம் திரும்ப இரண்டே கால் ஆண்டு ஆகும்.

இத்தோடு நிறுத்தாதீர்கள். வராதவர்கள் 5 ஆக மட்டும் குறைந்தால்? கிடைப்பது 50,000, சந்தாவோ 60,000. எந்தக் காலத்திலும் தேறாது. ஆக முழு முடிவும் ‘எத்தனை பேர் குறைவார்கள்’ என்ற ஒரே ஊகத்தில் தொங்குகிறது. அதை எப்படிச் சோதிப்பது? படி 3-இல் எழுதிய வினவல் இப்போது உதவும். அடிக்கடி வராமல் போகிறவர்களை மட்டும் முந்தின நாள் வரவேற்பாளர் ஒரு மாதம் தொலைபேசியில் அழைத்துப் பார்க்கட்டும். அதிலேயே பிரச்சினை தீர்ந்துவிட்டால் மென்பொருளே வேண்டாம் என்று சொல்லும் துணிவு உங்களுக்கு வர வேண்டும். தேவையில்லாததை வாங்காமல் தடுப்பதும் தொழில்நுட்ப மேலாண்மைதான்.

படி 6: திட்ட மேலாண்மையைக் குழு அசைன்மென்ட்டிலேயே பழகுங்கள்

தாமதமாகிவிட்ட மென்பொருள் திட்டத்தில் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று, ஐபிஎம்மில் பெரிய மென்பொருள் திட்டத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975-இலேயே எழுதினார். காரணம் எளிது. 4 பேருக்கு இடையே பேச்சுத் தொடர்புகள் 6, 8 பேருக்கு 28. குழுவைச் சிறிதாக வையுங்கள், யார் எதற்குப் பொறுப்பு என்று முதல் கூட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.

புதிய நிரலைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் வெளியீட்டையும் கடைசி நிமிட வேலையாக நினைக்காதீர்கள். 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம் புதிய நிரலை எட்டு சர்வர்களில் ஏழில் மட்டும் ஏற்றியிருந்தது. எட்டாவதில் இருந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு, சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நட்டம் வந்தது. எட்டு சர்வரையும் இரண்டாவது ஆள் ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்ற எழுதப்பட்ட நடைமுறை அங்கே இல்லை. இது நிரலாளர் பிரச்சினையா, மேலாளர் பிரச்சினையா என்று வகுப்பில் விவாதியுங்கள்.

படி 7: இன்டர்ன்ஷிப்புக்கு எதைக் காட்டுவது

நான்கு பக்கம் போதும். ஒரு பக்கத்தில் படி 4-இன் வரைபடம், ஒன்றில் அட்டவணை அமைப்பு, ஒன்றில் செலவு வரவுக் கணக்கு, கடைசியில் உங்கள் பரிந்துரை. பரிந்துரையைக் கணினி தெரியாத கிளினிக் உரிமையாளருக்குப் புரியும்படி எழுதுங்கள். நேர்காணலில் ‘இந்த ஊகம் தவறானால்?’ என்று யாராவது கேட்பார்கள். அதற்கான கணக்கையும் அதே தாளின் பின்பக்கத்தில் போட்டு வைத்திருங்கள்.