லோகன்ஏர் வரலாற்றை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்காட்லாந்தின் விமான நிறுவனமான லோகன்ஏர் என்றாலே எல்லோரும் அந்த இரண்டு நிமிட விமானத்தில் போய் நின்றுவிடுகிறார்கள். ஆர்க்னித் தீவுகளில் வெஸ்ட்ரேவிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேவுக்கு 2.7 கிலோமீட்டர். உலகிலேயே மிகக் குறுகிய விமான சேவை இதுதான். ஒருமுறை 53 வினாடியிலேயே முடிந்திருக்கிறது. சுவாரசியம்தான், ஆனால் இதை மட்டும் வைத்து வரலாறு எழுதினால் மிஞ்சுவது வினாடி வினாக் குறிப்பு. ஆர்க்னியின் முக்கிய நகரான கிர்க்வாலிலிருந்து தீவு தீவாக ஏறி இறங்கும் ஷட்டிலின் ஒரு துண்டு அது. சுமார் எட்டுப் பேரை ஏற்றும் ஐலேண்டர் விமானத்தில் ஆசிரியர்களும் நோயாளிகளும் போய் வருகிறார்கள். தீவுக்காரர்களுக்கு அது டவுன் பஸ்.

தீவு மக்களுக்காகவே தொடங்கிய நிறுவனம் என்று எழுதுவதும் சரியல்ல. 1962-இல் வில்லி லோகன் இதைத் தொடங்கியது தன் குடும்பக் கட்டுமான நிறுவனத்தின் ஏர் டாக்ஸியாக. டண்டீ நகரின் டே சாலைப் பாலத்தைக் கட்டிய நிறுவனம் அது. ஆர்க்னி ஷட்டில் வந்தது 1967-இல்தான். அப்போதும் அங்கே விமானம் புதிதல்ல. 1930களிலேயே கேப்டன் ஃப்ரெஸன் அந்தத் தீவுகளுக்கு விமானம் ஓட்டியிருக்கிறார்.

லோகன் தன் கம்பெனி விமானத்திலேயே இறந்தார் என்று எழுதிவிடாதீர்கள். 1966 ஜனவரியில் இன்வர்னஸ் அருகே மலையில் மோதியது, வேறொரு நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்த விமானம். பாலம் அந்த ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. அப்புறம், பாஸ்டன் லோகன் விமான நிலையத்துக்கும் இவருக்கும் சம்பந்தமே இல்லை. அந்த லோகன் வேறு.

பெரிய குழப்பம் விமானத்தின் வாலில் இருக்கிற சின்னத்தால் வருகிறது. 1994 முதல் லோகன்ஏர் விமானங்கள் பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறத்தில் பறந்தன, 2008 முதல் ஃப்ளைபீ என்ற இன்னொரு பிரிட்டிஷ் விமான நிறுவனத்தின் நிறத்தில். பழைய புகைப்படத்தைப் பார்த்துவிட்டு, 'பிரிட்டிஷ் ஏர்வேஸ் இதை வாங்கியது' என்று எழுதிவிடுகிறார்கள். வாங்கவில்லை. அது ஃபிராஞ்சைஸ் ஒப்பந்தம்: பெயரும் டிக்கெட் விற்பனையும் பெரிய நிறுவனத்துடையவை, விமானமும் விமானியும் லோகன்ஏருடையவை. உண்மையில் கை மாறியது வேறு சமயங்களில். 1968-இல் ஒரு ஸ்காட்டிஷ் வங்கியிடம் போனது, 1983-இல் பிரிட்டிஷ் மிட்லண்ட் குழுமத்திடம், 1997-இல் நிர்வாகிகளே வாங்கிக்கொண்டார்கள். இப்படி உரிமையாளர் பட்டியலையும் வண்ணப் பட்டியலையும் தனித்தனியாக வைத்துக்கொண்டால் பாதித் தவறு வராது. 2017-இல் ஃப்ளைபீ ஒப்பந்தம் முடிந்து சொந்தப் பெயருக்குத் திரும்பியதை 'புதிய நிறுவனம் உதயம்' என்று எழுதுவதும் இதே குழப்பத்தால்தான்.

ஸ்காட்லாந்தின் மேற்கே உள்ள பாரா தீவின் கடற்கரை ஓடுதளத்தையும் சாகசக் கதையாக்கிவிடுகிறார்கள். கிளாஸ்கோவிலிருந்து வரும் லோகன்ஏரின் ட்வின் ஆட்டர் விமானம் அங்கே ஈர மணலில் இறங்குகிறது. ஓதம் ஏறினால் ஓடுதளம் தண்ணீருக்குள் போய்விடும், அதனால் ஓதத்தைப் பார்த்துத்தான் டைம்டேபிளே போடுகிறார்கள்.

டைம்டேபிளில் இல்லாததால் பெரும்பாலும் விட்டுப்போவது ஏர் ஆம்புலன்ஸ். 2006 வரை, பல பத்தாண்டுகளாக, இதே ஐலேண்டர் விமானங்கள்தான் தீவுகளிலிருந்து நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயின.