கத்திரி போன பிறகு வீட்டையும் பீரோவையும் மாற்றுவது எப்படி? புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு செய்முறை

வெயில் காலம் முடியும்போது வீட்டை எப்படி அலங்கரிக்கலாம் என்று போனில் தேடிப் பாருங்கள். ஆரஞ்சு நிறப் பூசணிக்காய், காய்ந்த இலைத் தோரணம், கம்பளிப் போர்வை என்று வரிசையாக வரும். அதெல்லாம் இலை உதிரும் ஊர்க்காரர்களுக்குச் சரி. புதுச்சேரியில் செப்டம்பர் மாதம் கம்பளியைத் தொட்டாலே வேர்க்கும். அந்தப் படங்களைப் பார்த்துச் சாமான் வாங்கக் கிளம்பினால் காசு கரைவதுதான் மிச்சம்.

நமக்கு வேண்டிய யோசனையெல்லாம் இந்த ஊர்ச் சுவரிலும் கதவிலும் கடைத்தெருவிலும் இருக்கிறது. அதைப் பார்த்துப் பொறுக்கி, வீட்டுக்கும் உடுப்புக்கும் பொருத்த ஒரு முறை இருந்தால் போதும். அலங்காரம் பற்றி ஒன்றுமே தெரியாதவர்களும் செய்யலாம். கேமரா உள்ள போன், ஒரு நோட்டு, இஞ்ச் டேப், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவ்வளவுதான் முதலீடு.

படி 1: முதலில் காலண்டரைப் பாருங்கள்

கத்திரி வெயில் மே 4 அன்று தொடங்கி 28 வாக்கில் முடியும். அதோடு வெயில் போய்விட்டதா என்றால் இல்லை. ஜூன், ஜூலையிலும் மதியத்தில் கொளுத்தும். ஆடி பிறந்து காற்று வீசத் தொடங்கி, சாயந்தரங்களில் இடியோடு மழை எட்டிப் பார்க்கும்போதுதான் மூச்சு விட முடியும். அப்புறம் ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை. இந்த ஊரின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்தில் கொட்டிவிடுகிறது.

ஆக, நம் 'வெயில் முடியும் காலம்' என்பது ஆடியிலிருந்து புரட்டாசி வரை. நோட்டில் மூன்று கேள்விகளை எழுதுங்கள். வீட்டில் காற்றுக்குப் பறப்பது எது? புழுக்கத்தில் பூசணம் பிடிப்பது எது? மழைக்கு முன் தரையிலிருந்து மேலே ஏற வேண்டியது எது? மூன்றாவது கேள்வியை லேசாக நினைக்காதீர்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டரைத் தாண்டி மழை பெய்தது. தாழ்வான பகுதியில் குடியிருப்பவர்கள் தரையோடு கிடக்கும் மெத்தை இருக்கையை எந்தப் படத்தில் பார்த்தாலும் ஆசைப்படாமல் இருப்பது நல்லது.

படி 2: ஒரு நடை, இரண்டு பக்கம்

காலை ஆறரைக்குக் கிளம்புங்கள். கடல் கிழக்கே இருப்பதால் அந்த நேரத்து வெளிச்சம் சாய்வாக வந்து சுவரின் உண்மையான நிறத்தைக் காட்டும். பத்து மணிக்கு மேல் எடுத்தால் எல்லா மஞ்சளும் வெளுத்துப் போய் ஒன்று போலத் தெரியும்.

ஊரை இரண்டாகப் பிரிக்கும் வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் ஆரம்பியுங்கள். வைசியாள் வீதி நல்ல தொடக்கம். பழைய வீட்டு முகப்புகளை வரிசையாகச் சீரமைத்ததற்காக 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருது பெற்ற வீதி இது. அங்கே ஏதாவது ஒரு வீட்டின் எதிரே நின்று, மேலிருந்து கீழே நிதானமாகப் பாருங்கள். தெருவை நோக்கிச் சரிந்து இறங்கும் ஓட்டுத் தாழ்வாரம். அதைத் தாங்கும் மரத்தூண், கை படும் உயரத்தில் மட்டும் வழுவழுப்பாகிக் கறுத்திருக்கும். அதன் கீழே திண்ணை. தேக்குக் கதவில் பித்தளைக் குமிழ்கள்; நடுவில் உள்ளது தேய்ந்து பளபளக்கும், ஓரத்தில் உள்ளவை பச்சை பூத்திருக்கும். சில வீடுகளில் தரைத்தளம் முழுக்கத் தமிழ் வீடு, மாடிக்குப் போனால் வளைவு ஜன்னலும் தட்டி போட்ட கதவுகளுமாகப் பிரெஞ்சு வீடு. இரண்டும் ஒரே சுவரில் சண்டை போடாமல் இருப்பது எப்படி என்று பார்ப்பதுதான் இந்த நடையின் முதல் பாடம். மேலும் கீழும் ஒரே சுண்ணாம்புப் பூச்சு, ஒரே ஓர நிறம். வடிவம் மாறுகிறது, நிறம் மாறவில்லை.

பிறகு வாய்க்காலைத் தாண்டிக் கிழக்கே, பிரெஞ்சுப் பகுதிக்கு வாருங்கள். துய்மா வீதி, ரோமன் ரோலண்ட் வீதி பக்கம் மஞ்சள் சுவர், வெள்ளை ஓரம், மதில் மேல் வழியும் காகிதப்பூ, நீலத் தகட்டில் வெள்ளை எழுத்தில் தெருப்பெயர். இதைத்தான் ஊரே படம் எடுக்கிறது. நீங்களும் எடுங்கள், தப்பில்லை. ஆனால் அதோடு நிற்காமல் அரவிந்தர் ஆசிரமக் கட்டடங்களின் சாம்பல் நிறத்தையும் பாருங்கள். அந்தச் சாம்பலும் வெள்ளையும் என் கணக்கில் ஊரின் மிக அழகான ஜோடி. மஞ்சளுக்குக் கிடைக்கும் கவனத்தில் பத்தில் ஒரு பங்கு கூட அதற்குக் கிடைப்பதில்லை.

படம் எடுக்க ஒரு சுலபமான விதி: ஒவ்வொரு இடத்திலும் மூன்று படம். தள்ளி நின்று முழுச் சுவர், கிட்டே போய்க் கதவோ ஜன்னலோ, அப்புறம் உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டு: தாழ்ப்பாள், ஓட்டின் விளிம்பு, கோலத்தின் ஒரு மூலை. மூன்றாவது படம்தான் பின்னால் அதிகம் உதவும். இவை மனிதர்கள் வாழும் வீடுகள் என்பது நினைவில் இருக்கட்டும். திண்ணையில் பெரியவர் யாராவது உட்கார்ந்திருந்தால், "ஐயா, கதவை ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

படி 3: படங்களைக் கழியுங்கள்

வீட்டுக்கு வந்ததும் பத்துப் படம் மட்டும் மிஞ்சும் வரை அழியுங்கள். மிஞ்சிய ஒவ்வொன்றுக்கும் ஏன் பிடித்தது என்று நோட்டில் ஒரே வரி. 'அழகாக இருக்கிறது' என்று எழுதக் கூடாது. 'கரடுமுரடான சுவர் பக்கத்தில் வழுவழுப்பான மரம்' என்று எழுதலாம். பத்து வரியையும் சேர்த்துப் படித்தால் ஏதோ ஒன்று திரும்பத் திரும்ப வரும். அதுதான் உங்கள் ரசனை.

படி 4: மூன்று நிறம், ஒரு கணக்கு

புதிதாகத் தொடங்குபவர்கள் தடுமாறும் இடம் இது. பிடித்த நிறத்தையெல்லாம் ஒரே அறையில் போட்டால் கண்காட்சிக் கடை போல ஆகிவிடும். உள் அலங்காரக்காரர்கள் பின்பற்றும் 60-30-10 கணக்கு இதற்குக் கை கொடுக்கும். கண்ணில் படும் பரப்பில் 60 பங்கு ஒரு நிறம், 30 பங்கு இரண்டாவது, 10 பங்கு மூன்றாவது. சுவரும் பெரிய சாமானும் 60. திரைச்சீலை, படுக்கை விரிப்பு 30. குஷன் உறை, பூச்சாடி, விளக்கு போன்றவை 10.

மஞ்சள் சுவர்ப் படத்தை எடுத்துக்கொள்வோம். அதில் மஞ்சள்தான் 60. அதை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவர நினைக்காதீர்கள். வீதியில் அந்த மஞ்சளுக்கு முழு வானத்து வெளிச்சம் கிடைக்கிறது. ஒரே ஜன்னல் உள்ள அடுக்குமாடி அறையில், மழை மூட்ட நாளில், அதே மஞ்சள் கடுகு அரைத்துப் பூசியது போல் மங்கி நிற்கும். கணக்கைத் தலைகீழாக்குங்கள்: வெள்ளை 60, தெருப்பலகை நீலம் 30, மஞ்சள் 10. ஊர் வாசனை போகாது, அறையும் இருட்டாது.

நீலம் என்றால் இந்த ஊருக்குச் சொந்தக் கதை உண்டு. பிரெஞ்சுக்காரர் காலத்தில் அவுரிச் சாயம் தோய்த்த 'கினியா' துணி இங்கிருந்து கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் வரை போனது. அங்கே பிசின் வாங்க அந்த நீலத் துணியையே பணம் போலக் கொடுத்தார்கள். அதனால் புதுச்சேரி வீட்டில் கருநீலத் திரைச்சீலை தொங்குவதில் அந்நியம் ஒன்றும் இல்லை.

ஆசிரமப் பக்கத்துப் படம் பிடித்திருந்தால் சாம்பல் 60, வெள்ளை 30. மீதி 10-க்கு? புதுச்சேரி போலீஸ்காரர் தலையில் இருக்கும் தொப்பிச் சிவப்பு. விளையாட்டாகச் சொல்லவில்லை, சாம்பல் சோபா மேல் அந்தச் சிவப்பில் ஒரே ஒரு குஷன் போட்டுப் பாருங்கள். தமிழர் பகுதியின் நிறங்கள் வேண்டுமென்றால் சுண்ணாம்பு வெள்ளை, தேக்குப் பழுப்பு, பித்தளை மஞ்சள். பழைய சிவப்பு ஆக்சைடு தரை உள்ள வீடானால் தரையே 30 பங்கை எடுத்துக்கொள்ளும். வேறு நிறத்துக்கு அலையாதீர்கள்.

படி 5: வாங்கும் முன் நகர்த்துங்கள்

முதலில் வெயிலுக்குப் போட்டதை எடுங்கள். மூங்கில் தட்டி, வெட்டிவேர்த் தட்டி, கனமான திரை எல்லாம் ஜன்னலை விட்டு இறங்கட்டும். மழை மாதங்களில் வெளிச்சம் குறையும், அதனால் ஜன்னலுக்கு மெல்லிய பருத்தித் திரை போதும். தைக்கக் கொடுக்கும் முன் ஜன்னலின் அகலத்தை அளந்து, அதைப் போல இரண்டு மடங்கு அகலத்துக்குத் துணி எடுங்கள். ஒன்றுக்கு ஒன்று என்று எடுத்தால் மடிப்பு விழாமல் பேனர் கட்டியது போல நிற்கும். காற்றுக்குப் பறக்கிறதா? கீழ் மடிப்புக்குள் சன்னமான நூல்கயிறு ஒன்றை வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். கனம் கிடைக்கும்.

அடுத்து, உட்காரும் இடத்தை ஜன்னலுக்கு அருகே நகர்த்துங்கள். வெயில் காலத்தில் ஜன்னலை விட்டுத் தள்ளிப் போட்ட நாற்காலி இன்னும் அங்கேயே கிடக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை, அறை வேறு அறையாகிவிடும்.

கடலோர ஊருக்கென்று சில எச்சரிக்கைகள். இரும்பு அலங்காரச் சாமான் உப்புக் காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். படத்தில் அழகாக இருக்கும் சணல் விரிப்பு ஈரத்தை உறிஞ்சி நாறும். வாசலுக்குத் தென்னை நார் கால்மிதி, உள்ளே கோரைப்பாய் போதும், அதையும் மழை நாளில் சுருட்டி நிமிர்த்தி வையுங்கள். பிரம்பு நாற்காலி இருந்தால் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், இல்லாவிட்டால் பின்பக்கம் பூசணம் பிடிக்கும். சுவருக்கு வண்ணம் அடிக்கும் ஆசை வந்தால், ஏற்கெனவே உப்பு பூத்த சுவரில் கை வைக்காதீர்கள். ஈரம் காயாமல் மேலே எமல்ஷன் அடித்தால் கொப்புளம் கொப்புளமாக உரியும். மழை முடிந்து சுவர் காயட்டும், தை மாசியில் பார்த்துக்கொள்ளலாம்.

படி 6: அதே மூன்று நிறம், பீரோவுக்கும்

வீட்டுக்கு ஒரு ரசனை, உடுப்புக்கு ஒரு ரசனை என்று இரண்டு தேவையில்லை. பீரோவைத் திறந்து, உங்கள் மூன்று நிறத்துக்குள் வரும் துணிகளை ஒரு தட்டில் அடுக்குங்கள். எதிர்பார்த்ததைவிட அதிகம் தேறும். இந்த மாதங்களில் அந்தத் தட்டிலிருந்து மட்டும் எடுத்து உடுத்திப் பாருங்கள். காலையில் எதை எதோடு போடுவது என்ற குழப்பமே இருக்காது.

நிறம் வைக்கும் இடத்தில் மட்டும் சின்ன மாற்றம். மழைச் சேறு தெறிப்பது கீழே. அதனால் அடர்நிறம் கீழே, வெளிர்நிறம் மேலே. கருநீல பேன்ட், வெள்ளைக் குர்தி, மஞ்சள் துப்பட்டா. ஆண்களுக்கு இன்னும் சுலபம்: கைலித் துணியில் அரைக்கைச் சட்டை. கடலூர்ப் பக்கம் குறிஞ்சிப்பாடியில் கைத்தறிக் கைலி நெய்கிறார்கள். ஒரு கைலியைப் பிரித்தால் ஒரு சட்டைக்குத் துணி தேறும். தையல்கடையில் கேட்டால், "கட்டம் ரெண்டு பக்கமும் நேரா சேரணும்னா கொஞ்சம் துணி வீணாகும் சார், பரவாயில்லையா?" என்பார்கள். பரவாயில்லை என்று சொல்லுங்கள். கட்டம் கோணினால் சட்டையே கோணும்.

புது அடர்நீலத் துணி சாயம் விடும். ஒரு மூலையை நனைத்து வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். ஒட்டினால் முதல் சில சலவைக்குத் தனியாகத்தான் துவைக்க வேண்டும்.

படி 7: மிச்சத்தை மட்டும் வாங்குங்கள்

இப்போது நோட்டில் பட்டியல் சின்னதாகியிருக்கும். திரைக்கும் குஷன் உறைக்கும் ஆடித் தள்ளுபடியில் பிட்டுத் துணி எடுங்கள், முழுச் சுருள் தேவையில்லை. மற்றவற்றுக்கு காந்தி வீதி சண்டே மார்க்கெட் இருக்கிறது. சொன்ன விலைக்கு யாரும் வாங்குவதில்லை.

மண்பாண்டம் வேண்டுமென்றால் வில்லியனூர். அங்கத்திய சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. அந்தக் கலைக்காக வி.கே. முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். பெரிய சிற்பமெல்லாம் வேண்டாம், உங்கள் 10 பங்கு கணக்குக்கு ஒரு சாடி போதும். சுண்டிப் பாருங்கள், கணீரென்று ஒலித்தால் நன்றாக வெந்தது.

கழற்றிய வெட்டிவேர்த் தட்டியை நிழலில் நன்றாக உலர்த்திப் பழைய பருத்திப் புடவையில் சுற்றிப் பரணில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் ஈரம் அடைத்துக் கெட்டுவிடும். உதிர்ந்த வேரை வீசிவிடாமல் சின்ன முடிச்சுகளாகக் கட்டி பீரோத் தட்டுகளில் வையுங்கள், ஐப்பசி மழையில் துணிக்கு வரும் முடை நாற்றம் குறையும். தட்டியே இல்லாதவர்கள் நாட்டு மருந்துக் கடையில் கேளுங்கள். கடலூர்க் கடற்கரை மணலில், நொச்சிக்காடு பக்கம் பயிராகும் வேர்தான், பக்கத்திலேயே கிடைக்கும்.